எடைக்கு

டுலூத்தில் தெருக்கள் எல்லாம்
ஏரியைப் பார்த்துச் சரிந்தே கிடக்கும்.
முதல் பனி விழுந்த மறுநாள்
ஆர்டிஸ் குவாமி தன் காரின் பின்பெட்டியில்
நான்கு அட்டைப்பெட்டிகளை ஏற்றிவிடுவாள்.
ஊரில் மற்றவர்கள் மணல் மூட்டை வைப்பார்கள்.
பின்சக்கர வண்டி.
பின்னால் கனம் இல்லாவிட்டால் மேடு ஏறாது.

பெட்டிகளில் இருந்தது அவளுடைய இரண்டாவது கவிதைப் புத்தகம்.
அறுநூறு அச்சிட்டார்கள், நூற்று எண்பத்தெட்டு விற்றது.
மீதியைக் கூழாக்கப் போகிறோம் என்று
பதிப்பகம் கடிதம் போட்டது.
பிரதி முப்பது சென்ட் என்று பேசி
இவளே வாங்கிக்கொண்டாள்.
நூற்று இருபத்து மூன்று டாலர் அறுபது.
நான் கணக்கு வாத்தியார், இதெல்லாம் மறக்காது.

முதல் புத்தகத்துக்கு ஒரு பரிசு வந்தது.
அந்தப் பணத்தில் வாங்கியதுதான் கார்.
முதலாவது வண்டி வாங்கித் தந்தது,
இரண்டாவது அதை மேடேற்றுகிறது என்பாள்,
யாராவது கவிதையால் என்ன பயன் என்று கேட்டால்.

கல்லூரி மலருக்கு இருநூறு சொல் கேட்டிருக்கிறார்கள்.
பிறந்தது, படித்தது, பெற்றது.
அவள் அப்பா தாதுத் துறையில் வேலை பார்த்தவர்,
ரயில் பெட்டியில் உறைந்துபோன இரும்புத் தாதுவை
நீளக் கம்பியால் குத்திக் குத்திக் கப்பலில் இறக்குவார்.
வரி வராத நாளில் இவளும்
பென்சிலால் மேஜையைக் குத்திக்கொண்டிருப்பாள்.
பதினேழு வருடம் ஒரே அறை எங்களுக்கு,
தரைக்குக் கீழே, கொதிகலன் பக்கத்தில்.
அந்த மேஜை இன்னும் இருக்கிறது, அம்மைத் தழும்போடு.

அவள் வகுப்பில் வெல்டர்கள், தாதிப் பயிற்சிக்காரிகள்,
சுரங்கம் மூடி வேலை போனவர்கள்.
வாரம் நூற்றுப்பத்துக் கட்டுரை.
சிவப்பு மை கிடையாது. பென்சில்தான்.
ஏன் என்றேன் ஒருநாள்.
பிடிக்காவிட்டால் என்னை அழித்துக்கொள்ளட்டுமே என்றாள்.
எனக்கோ விடை என்றால் விடை.
அன்று சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை.

எழுபத்தெட்டு ஜனவரி.
பத்தொன்பதாம் அவென்யூ மேட்டில்
கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி, சக்கரம் சும்மா சுழல்கிறது.
நான் பக்கத்து இருக்கையில்.
இறங்கிப் போனவள் இரண்டு பிரதிகளை எடுத்து
சக்கரத்துக்கு ஒன்றாகச் செருகிவிட்டு வந்தாள்.
வண்டி கவ்விப் பிடித்து ஏறிவிட்டது.
மேலே நிறுத்தி, போய் எடுத்து வா என்றாள்.
ஒன்று கிடைத்தது. முழங்கால் வரை நனைந்ததுதான் மிச்சம்.
கொதிகலன் குழாய்மேல் அதைக் காய வைத்தேன்.

ஏப்ரலில் பனி உருகியது.
பள்ளிச் சமையற்கூடத்து ஐலி ரன்டலா
சாக்கடை ஓரம் மற்றதைக் கண்டெடுத்து,
கல்லூரிக்குத் தொலைபேசி போட்டுவிட்டார்.
முப்பத்தோராம் பக்கம் பாதி கிழிந்திருக்கிறதாம்.
தொட்டியில் அலசின மீன் என்ன ஆயிற்று என்று
தெரிந்தாக வேண்டுமாம்.

ஆர்டிஸ் எழுந்து நின்றுகொண்டாள்.
ரிசீவரைக் காதோடு அழுத்தி
மெதுவாகச் சொன்னாள், ஏழெட்டு வரி.
பிறகு இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை,
கட்டணம் ஓடுகிறதே என்று எனக்குத்தான் தவிப்பு.
அவள் தன் கவிதையை வாசித்து
நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவள் வகுப்புக்குப் போனதும்
காய்ந்த பிரதியைத் திறந்து பார்த்தேன்.
முப்பத்தோராம் பக்கத்தில் வேறு இருந்தது.
வரிகளும் வேறு, மீனும் வேறு.
திரும்பி வந்தவளிடம் பக்கத்தைக் காட்டினேன்,
தப்புக் கண்டுபிடித்த பையனைப் போல.
அது அறுபத்தொன்பதில் முடிந்த விதம் என்று
தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

மூன்றாவது புத்தகம் வரவில்லை.
வந்திருக்கலாம். ஐலியிடம் பாதி இருக்கலாம்.

போன அக்டோபரில் அவள் வீட்டைக் காலி செய்தோம்.
பழைய தாளோடு சேர்த்து
எடைக்குப் போட்டுவிடலாமா என்றான் அக்காள் மகன்.
அதற்குத்தானே வைத்திருந்தாள் என்று
நானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னுடையது முன்சக்கர வண்டி. பின்னால் கனம் வேண்டியதில்லை.
இறக்கத்தில் கொஞ்சம் ஆட்டத்தான் செய்கிறது.